கருவூலமும் அமானிதமும்: இந்தோனேசியாவின் ஷஃப்ருத்தீன் பிரவிரநெகாரா

எகிப்தின் கருவூலப் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு கேட்ட யூசுஃப் நபி (அலை) அவர்கள், அதற்குத் தமக்குள்ள தகுதிகளாக இரண்டை எடுத்துச் சொன்னதைத் திருக்குர்ஆன் நமக்குக் கூறுகிறது. ஒன்று பாதுகாக்கும் பண்பு, மற்றொன்று அறிவு. கணக்குத் தெரியாத நல்லவர் கையில் பொதுப்பணம் வீணாகும். கணக்குத் தெரிந்த கெட்டவர் கையில் அது களவு போகும். இரண்டும் ஒருவரிடம் சேர்வது அரிது. அப்படிச் சேர்ந்தவருக்கும் அரசியல் என்ற சோதனை எளிதாக இருப்பதில்லை.

கடந்த நூற்றாண்டில், உலகில் முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடான இந்தோனேசியாவில் அப்படி ஒருவர் வாழ்ந்தார். சட்டம் படித்தவர். வரிக்கணக்குப் பார்ப்பதில் பணியைத் தொடங்கியவர். நிதியமைச்சர், நெருக்கடிக் கால அரசின் தலைவர், நாட்டின் மத்திய வங்கியின் முதல் ஆளுநர் எனப் படிப்படியாக உயர்ந்தவர். பின்னர் கிளர்ச்சி அரசின் பிரதமராகிச் சிறைக்கும் சென்றவர். அவர் பெயர் ஷஃப்ருத்தீன் பிரவிரநெகாரா. தமிழ் முஸ்லிம்களிடையே அதிகம் அறியப்படாத இவரது வாழ்வை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பிறப்பும் கல்வியும்

ஷஃப்ருத்தீன் 1911 பிப்ரவரி 28 அன்று ஜாவாத் தீவின் மேற்கு ஓரத்திலுள்ள பந்தென் பகுதியில், அன்யர் கிடுல் என்ற ஊரில் பிறந்தார். இஸ்லாமியப் பற்றுக்குப் பெயர்பெற்ற பகுதி அது. தந்தை டச்சு ஆட்சியின் கீழ் அரசுப் பணியில் இருந்தவர். குடும்பத்தின் முன்னோர் ஒருவர் சுமத்ராவின் மினங்கபாவ் பகுதியிலிருந்து பந்தெனுக்கு வந்தவர். ஜாவாவில் பிறந்தாலும் சுமத்ராவின் இரத்தமும் அவரில் ஓடியது. அவரது வாழ்வின் இரு பெரும் திருப்பங்களும் பின்னாளில் அந்தச் சுமத்ரா மண்ணிலேயே நிகழ்ந்தன.

செராங், மதியுன், பாண்டுங் ஆகிய ஊர்களில் படித்தபின், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவின் சட்டக் கல்லூரியில் சேர்ந்து, 1939-இல் சட்டப் பட்டம் பெற்றார். அன்றைய இந்தோனேசியாவில் உயர்கல்விக்கு வந்த உள்நாட்டு மாணவர்கள் மிகச் சிலரே. சட்டம் படித்தோருக்கு நீதிமன்றமோ அரசு அலுவலகமோ காத்திருக்கும்.

ஷஃப்ருத்தீனுக்கு வாய்த்தது வரித்துறை. கிழக்கு ஜாவாவின் கெதிரி நகர வரி அலுவலகத்தில் 1940-இல் பணியில் சேர்ந்தார். 1942-இல் ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றிய பிறகும் வரித்துறையிலேயே தொடர்ந்து, கெதிரியிலும் பின்னர் பாண்டுங்கிலும் அலுவலகப் பொறுப்பாளராக இருந்தார்.

வரி அலுவலகம் ஒரு நல்ல பள்ளிக்கூடம். யாரிடம் எவ்வளவு இருக்கிறது, யார் எவ்வளவு மறைக்கிறார், ஏழை விவசாயியின் மீது எவ்வளவு சுமை விழுகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஜப்பானியர் ஆட்சியின் இறுதியில் பண நோட்டுகள் மழைபோல் அச்சிடப்பட்டதையும், அரிசிக்கும் துணிக்கும் மக்கள் திண்டாடியதையும் அவர் நேரில் கண்டார். நாணயத்தின் மதிப்பு சரிந்தால் முதலில் அடிபடுபவன் கூலிக்காரன் என்பது அங்கே கண்கூடாகத் தெரிந்தது. பின்னாளில் அவர் எடுத்த பொருளாதார நிலைப்பாடுகள் எல்லாவற்றிலும் இந்த ஒரு கவலையைக் காணலாம்.

சுதந்திர நாட்டுக்குச் சொந்த நாணயம்

1945 ஆகஸ்ட் 17 அன்று சுகர்னோவும் முஹம்மது ஹத்தாவும் சுதந்திரத்தை அறிவித்தனர். ஆனால் டச்சுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். சந்தையில் ஜப்பானிய ஆட்சிக்கால நோட்டு, பழைய ஜாவா வங்கி நோட்டு, திரும்பி வந்த டச்சு நிர்வாகத்தின் நோட்டு எனப் பலவகைப் பணம் புழங்கியது. புதிய குடியரசு தன் ஊழியருக்கும் வீரர்களுக்கும் சம்பளம் கொடுக்கவும் பிறருடைய நோட்டையே நம்பியிருந்தது.

குடியரசுக்கென்று சொந்த நாணயம் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே வலியுறுத்தியவர்களில் ஷஃப்ருத்தீனும் ஒருவர். 1946-இல் மஸ்யூமி கட்சியில் இணைந்தார். இந்தோனேசிய முஸ்லிம்களின் பெரிய அரசியல் கட்சியாக அன்று இருந்தது மஸ்யூமி. அதே ஆண்டில் ஷஹ்ரீரின் அமைச்சரவையில் துணை நிதியமைச்சராகவும், அக்டோபரில் நிதியமைச்சராகவும் ஆனார். அப்போது அவருக்கு வயது 35.

1946 அக்டோபர் 30 அன்று குடியரசின் முதல் நாணயம் வெளியானது. ‘இந்தோனேசியக் குடியரசுப் பணம்’ என்ற பொருள்படும் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து மக்கள் அதை ‘ஓரி’ என்று அழைத்தார்கள். ஜாவாவிலும் மதுராவிலும் 50 ஜப்பானிய ரூபியாவுக்கு 1 ஓரி ரூபியா என்ற கணக்கில் மாற்றிக் கொடுக்கப்பட்டது. நோட்டில் இருந்த கையெழுத்தோ முந்தைய அமைச்சர் மராமிஸுடையது. தயாரிப்பு அவர் காலத்திலேயே தொடங்கியிருந்ததே காரணம். தம் பெயர் அச்சேற வேண்டும் என்பதற்காக நோட்டுகள் மறுபடி அச்சிடப்படவில்லை.

காட்டுக்குள் ஓர் அரசு

1948 இறுதியில் ஷஃப்ருத்தீன் ஹத்தாவின் அமைச்சரவையில் வளத்துறை அமைச்சர். மேற்குச் சுமத்ராவின் புக்கிட்டிங்கி நகரில் பணி நிமித்தம் தங்கியிருந்தார். டிசம்பர் 19 அன்று டச்சுப் படைகள் அன்றைய தலைநகரான யோக்யகர்த்தாவைத் தாக்கிப் பிடித்தன. சுகர்னோவும் ஹத்தாவும் அமைச்சர்கள் பலரும் கைதானார்கள். குடியரசு என்று ஒன்று இனி இல்லை என உலகுக்கு அறிவிக்க டச்சு அரசு தயாரானது.

கைதாவதற்கு முன், சுமத்ராவில் நெருக்கடிக் கால அரசை அமைக்கும் அதிகாரத்தை ஷஃப்ருத்தீனுக்கு வழங்கித் தலைவர்கள் தந்தி ஒன்றை எழுதினார்கள். அந்தத் தந்தி அவரைச் சென்றடையவே இல்லை. இருந்தும், தலைமையற்ற நாடு ஒருநாள்கூட இருக்கக்கூடாது என்று அவர் கருதினார். டிசம்பர் 22 அன்று பாயகும்பு நகருக்கு அருகிலுள்ள ஹலபான் என்ற தேயிலைத் தோட்டப் பகுதியில் இந்தோனேசியக் குடியரசின் நெருக்கடிக் கால அரசு அமைக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர் தம்மைக் குடியரசுத் தலைவர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. ‘தலைவர்’ என்ற எளிய பதவிப் பெயரையே வைத்துக்கொண்டார். எழுத்துமூலமான ஆணை கைக்கு வரவில்லை என்பதைச் சட்டம் படித்த அவர் நன்கு அறிந்திருந்தார். தலைமைப் பதவி கைதானவர்களுக்கு உரியது, தம்மிடம் இருப்பது அமானிதம் என்பதே அவரது நிலை.

டச்சு விமானங்களிடமிருந்து தப்பி, காடும் ஆறும் கடந்து, பிதார் ஆலம் என்ற உள்ளூர்க் கிராமத்தில் அந்த அரசு தங்கியது. கையில் இருந்த முக்கியமான ஆயுதம் வானொலிக் கருவிதான். அதன் மூலம் ஜாவாவில் போரிட்ட படையினருடனும் வெளியுலகுடனும் தொடர்பு வைத்தார்கள். அப்போது புதுதில்லியில் இருந்த மராமிஸ் இந்த அரசின் வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டார். 1949 ஜனவரியில் பிரதமர் நேரு புதுதில்லியில் கூட்டிய ஆசிய நாடுகளின் மாநாடு இந்தோனேசியாவுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தது. குடியரசு உயிரோடுதான் இருக்கிறது என்று சொல்ல, காட்டுக்குள் இருந்த அந்தச் சிறு அரசே சான்றாக இருந்தது.

அந்த மாதங்களில் அவரது மனைவி பிள்ளைகளுடன் யோக்யகர்த்தாவில் இருந்தார். வருமானம் நின்றுவிட்டது. ஈரப்பலாக்காயைப் பொரித்து விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார் அந்தத் தாய். நாட்டின் நாணயத்தை வெளியிட்ட நிதியமைச்சரின் வீட்டில் சேமிப்பு என்று எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

1949 மே மாதம், சிறைவைக்கப்பட்டிருந்த தலைவர்களின் சார்பில் டச்சுக்காரர்களுடன் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. காட்டில் இருந்தவர்களைக் கேட்காமலே அது செய்யப்பட்டது. ஷஃப்ருத்தீனுக்கு மனவருத்தம். அவருடன் இருந்தவர்கள் பலருக்குக் கோபம். பிடிவாதமாக நின்றிருந்தால் விடுதலைப் போராட்டமே இரண்டாகப் பிளந்திருக்கும். முஹம்மது நாசிர் முதலியோர் நேரில் சென்று பேசினார்கள். ஷஃப்ருத்தீன் யோக்யகர்த்தா திரும்பி, ஜூலை 13 அன்று தம் பொறுப்பை ஹத்தாவிடம் திருப்பி ஒப்படைத்தார். ஏறக்குறைய ஏழு மாதம் ஒரு நாட்டின் தலைமை அவர் கையில் இருந்தது. கேட்டபோது கொடுத்துவிட்டார்.

பண நோட்டைக் கத்தரித்த அமைச்சர்

1949 டிசம்பரில் ஆட்சி முறைப்படி கைமாறியது. ஷஃப்ருத்தீன் மீண்டும் நிதியமைச்சரானார். கருவூலம் காலியாக இருந்தது. பல்லாண்டுப் போரில் அச்சிடப்பட்ட பணம் நாடெங்கும் புழங்கியது. வாங்கப் பொருள் இல்லை, பணம் மட்டும் மிகுதி. புதிய வரி போட்டால் நொந்த மக்கள் தாங்கமாட்டார்கள். இன்னும் நோட்டு அடித்தால் விலை ஏறும்.

1950 மார்ச் 19 அன்று அவர் அறிவித்த நடவடிக்கை உலகில் அரிதானது. ஜாவா வங்கியும் டச்சு நிர்வாகமும் வெளியிட்டிருந்த 5 ரூபியாவும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளை மக்கள் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்ட வேண்டும். இடப்பக்கத் துண்டு பாதி மதிப்புள்ள பணமாகச் சில நாள் செல்லும், பிறகு புதிய நோட்டாக மாற்றிக்கொள்ளலாம். வலப்பக்கத் துண்டுக்கு அரசின் நீண்ட காலக் கடன்பத்திரம் கிடைக்கும். வங்கியில் இருந்த வைப்புத் தொகைகளுக்கும் இதே முறை பொருந்தும். மக்கள் இதை ‘ஷஃப்ருத்தீனின் கத்தரிக்கோல்’ என்று பெயரிட்டு அழைத்தார்கள். இன்றுவரை அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது.

இரண்டரை ரூபியாவும் அதற்குக் கீழும் உள்ள சிறு நோட்டுகளை இந்த ஆணை தொடவில்லை. அன்றாடக் கூலியைச் சில்லறையில் வாங்கிச் செலவு செய்பவருக்குப் பாதிப்பு குறைவு, பணத்தைக் குவித்து வைத்திருந்தவருக்கே அதிகம் என்பது கணக்கு. ஒரே நடவடிக்கையில் புழக்கத்தில் இருந்த பணமும் குறைந்தது, அரசுக்குக் கடனும் கிடைத்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்களும் வணிகர்களும் ஒரே இரவில் பாதிப் பணத்தைக் கண்முன் இழந்தார்கள். கையில் கிடைத்த கடன்பத்திரமோ நிலையான தொகைக்கானது. பின்வந்த ஆண்டுகளின் விலைவாசி உயர்வு அதன் மதிப்பைத் தின்றுவிட்டது. நாட்டின் நன்மைக்காகத் தனிமனிதரின் உடைமையில் அரசு எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்பது ஃபிக்ஹ் நூல்களிலும் பேசப்படும் கேள்விதான். ஷஃப்ருத்தீன் அந்தக் கேள்வியைக் காகிதத்தில் எதிர்கொள்ளவில்லை, பல கோடி மக்களின் கைப்பணத்தில் எதிர்கொண்டார். அவரைப் பாராட்டுவோரும் குறை சொல்வோரும் இன்றும் இருப்பது அதனால்தான்.

1950 செப்டம்பரில் நாசிர் பிரதமரானபோதும் ஷஃப்ருத்தீனே நிதியமைச்சராகத் தொடர்ந்தார். கொரியப் போரால் ரப்பருக்கும் தகரத்துக்கும் உலகச் சந்தையில் விலை ஏறியிருந்த காலம் அது. வருமானம் பெருகியபோது செலவுக்கு ஆயிரம் கைகள் நீண்டன. வந்ததையெல்லாம் செலவழிக்கக்கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

மத்திய வங்கியின் முதல் ஆளுநர்

1828-இல் தொடங்கப்பட்ட ஜாவா வங்கி டச்சுக்காரர்களின் நிறுவனம். சுதந்திர நாட்டின் நோட்டுகளையும் அதுவே வெளியிட்டு வந்தது. 1951-இல் அதை நாட்டுடைமையாக்க அரசு முடிவு செய்தது. பயிற்சி பெற்ற உள்நாட்டு ஊழியர் போதுமான அளவில் இல்லாதபோது அவசரப்படுவது நல்லதல்ல என்பது ஷஃப்ருத்தீனின் கருத்து. அந்த வங்கிக்குத் தலைமை தாங்கும் பொறுப்போ அவரையே தேடி வந்தது. 1951 ஜூலையில் அவர் அதன் தலைவரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தோனேசியர் அவரே. 1953 ஜூலை 1 அன்று அது ‘பேங்க் இந்தோனேசியா’ என்ற மத்திய வங்கியானபோது, அதன் முதல் ஆளுநராகவும் ஆனார்.

1953-இன் வங்கிச் சட்டத்தில் இரண்டு வேலிகள் இருந்தன. வெளியிடும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஈடாகத் தங்கமும் அந்நியச் செலாவணியும் கையிருப்பில் இருக்க வேண்டும். அரசுக்கு வங்கி கொடுக்கும் முன்பணம் அரசு வருமானத்தில் பத்தில் மூன்று பங்கைத் தாண்டக்கூடாது. சட்டமும் கணக்கும் கைகோத்து நின்ற ஏற்பாடு இது. ஆனால் அதே சட்டம், நிதியமைச்சர் தலைமையிலான நாணயக் குழு ஒன்றையும் வங்கிக்கு மேலே அமர்த்தியிருந்தது. காவலர் நியமிக்கப்பட்டார், கதவின் சாவியோ அரசிடமும் இருந்தது.

1950-களின் நடுவில் ஆட்சிகள் அடுத்தடுத்து மாறின. ஒவ்வோர் ஆட்சியும் பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கியிடமே வந்தது. எல்லை மீறப்படுகிறது என்று ஷஃப்ருத்தீன் ஆண்டறிக்கைகளிலும் கட்டுரைகளிலும் எச்சரித்தார். பொருளாதார அறிஞர் சுமித்ரோவுடன் அவர் நடத்திய விவாதம் புகழ்பெற்றது. விரைவான தொழில்மயமே வழி என்றார் சுமித்ரோ. முதலில் வேளாண்மையை நிமிர்த்துங்கள், மக்களின் சோற்றுக்கு வழி செய்யுங்கள், உழைப்பும் திறமையும் வளர்ந்தால் தொழில் தானே வரும் என்றார் ஷஃப்ருத்தீன்.

அந்த வேலிகள் பிடுங்கப்பட்டபின் நடந்ததை வரலாறு பதிவு செய்திருக்கிறது. 1959 ஆகஸ்டில் 500, 1000 ரூபியா நோட்டுகளின் மதிப்பு பத்தில் ஒன்றாக வெட்டப்பட்டது. 1965 டிசம்பரில் 1000 பழைய ரூபியாவுக்கு 1 புதிய ரூபியா என்றானது. 1966-இல் விலைவாசி உயர்வு 600 சதவீதத்தைத் தாண்டியது. அந்நேரம் முதல் ஆளுநர் சிறையில் இருந்தார்.

வட்டி பற்றிய கருத்து

இஸ்லாமியப் பொருளாதாரம் குறித்து ஷஃப்ருத்தீன் நிறைய எழுதியவர், பேசியவர். அவற்றில் ஒரு கருத்து நம்மில் பெரும்பாலோர் ஏற்காதது. அதை மறைத்துவிட்டு அவர் வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

மற்றவரின் இயலாமையைச் சுரண்டி அடையும் ஆதாயமே ரிபா என்றும், நவீன வங்கிகள் வாங்கும் நியாயமான அளவு வட்டி அதில் சேராது என்றும் அவர் வாதிட்டார். பணத்தின் மதிப்பு நிலையில்லாத காலத்தில் வங்கித்துறையை நடத்தியவரின் பார்வை அது. உலமாக்களில் மிகப் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. 1965-இல் கெய்ரோவில் கூடிய அல்அஸ்ஹரின் இஸ்லாமிய ஆய்வு மன்றம், கடன் எதற்காக வாங்கப்பட்டாலும் அதன் மீதான வட்டி ரிபாவே என்று தீர்மானித்தது. இந்தோனேசிய உலமா சபையும் 2004-இல் வங்கி வட்டி கூடாது என்று ஃபத்வா வழங்கியது. இவ்விஷயத்தில் ஷஃப்ருத்தீனின் வாதத்தை நாமும் ஏற்கவில்லை. எனினும் தாம் பேசுவது சமுதாயத்தின் பொதுக்கருத்துக்கு எதிரானது என்று தெரிந்தே, தாம் விளங்கியதை ஒளிக்காமல் சொன்னார் என்பதைப் பதிவு செய்கிறோம்.

கிளர்ச்சியும் வீழ்ச்சியும்

1957 நவம்பர் 30 அன்று ஜகார்த்தாவில் சுகர்னோ மீது கொலைமுயற்சி நடந்தது. மஸ்யூமி தலைவர்கள் மீது பழி சுமத்தப்பட்டது, மிரட்டல்கள் தொடர்ந்தன. டச்சு நிறுவனங்கள் கைப்பற்றப்பட்டன. நாடாளுமன்ற ஆட்சி முறையைச் சுகர்னோ ஒதுக்கி வந்தார். தலைநகரில் இருக்க முடியாத நிலையில் நாசிரும் ஷஃப்ருத்தீனும் சுமத்ராவுக்குச் சென்றார்கள். அங்கே படைத்தளபதிகள் சிலர் ஜகார்த்தாவுக்கு எதிராகத் திரண்டிருந்தனர்.

1958 பிப்ரவரி 15 அன்று பாடாங் நகரில் ‘இந்தோனேசியக் குடியரசின் புரட்சி அரசு’ அறிவிக்கப்பட்டது. அதன் பிரதமர் ஷஃப்ருத்தீன். தனி நாடு கேட்கவில்லை, அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட ஆட்சியையே கேட்கிறோம் என்றார்கள். கருத்து மோதலில் எதிரெதிரே நின்ற சுமித்ரோவும் இந்த அரசில் அமைச்சரானார்.

மத்திய அரசு படையை அனுப்பியது. ஏப்ரலில் பாடாங் வீழ்ந்தது, மே மாதத் தொடக்கத்தில் புக்கிட்டிங்கியும் வீழ்ந்தது. கிளர்ச்சியாளர்களுக்கு அமெரிக்க உளவு நிறுவனம் இரகசியமாக ஆயுதம் கொடுத்தது வெளிப்பட்டபோது, அவர்களின் நியாயம் மக்கள் மன்றத்தில் இன்னும் பலவீனமானது. பத்து ஆண்டுகளுக்கு முன் எந்தக் காடுகளில் குடியரசைக் காப்பாற்றினாரோ, அதே காடுகளில் குடியரசின் படைகளுக்கு அஞ்சி ஷஃப்ருத்தீன் மூன்று ஆண்டுகள் அலைந்தார். இரு பக்கமும் பலியானவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களே. 1960-இல் மஸ்யூமி கட்சி கலைக்கப்பட்டது. ஒரு பெரும் முஸ்லிம் அரசியல் இயக்கம் அத்துடன் முடிந்தது.

ஆட்சியாளரின் அநீதியைக் கண்டால் பொறுத்துப் பேசுவதா, ஆயுதம் ஏந்துவதா என்ற கேள்வியில், ஷஃப்ருத்தீன் எடுத்த முடிவு அவரது நாட்டுக்கும் அவரது சமுதாயத்துக்கும் பெரும் விலை வைத்தது. அவரது நோக்கத்தை அல்லாஹ் அறிவான். விளைவை நாம் அறிவோம். கணக்கில் ஒரு காசு பிசகாதவரும் அரசியல் சூழ்நிலையைக் கணிப்பதில் பிசகக்கூடும்.

1961 ஆகஸ்டில், பொது மன்னிப்பு அறிவிக்கப்பட்ட நிலையில், அவர் தம் ஆட்களுடன் சரணடைந்தார். அந்த நேரத்திலும் அவர் செய்த ஒரு செயல் நினைவில் நிற்கிறது. கிளர்ச்சி அரசின் வசம் மீதமிருந்த தங்கக் கட்டிகளை அவர் அரசிடம் ஒப்படைத்தார். தோற்றுப்போன ஒரு கூட்டத்தின் தலைவர், கணக்குக் கேட்க யாருமில்லாத காட்டில், தமக்கென்றோ பிள்ளைகளுக்கென்றோ எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

மன்னிப்பு அறிவிக்கப்பட்டிருந்தும் 1962-இல் அவர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார். 1966 ஜூலையில்தான் விடுதலையானார். அதற்குள் சுகர்னோவின் அதிகாரமும் சரிந்திருந்தது.

மிம்பர் மேடையில் இறுதிக் காலம்

சுஹார்த்தோவின் புதிய ஆட்சிக்குப் பொருளாதார அறிவுள்ளோர் தேவைப்பட்டனர். ஆனால் மஸ்யூமியின் பழைய தலைவர்களுக்கு அரசியல் கதவு திறக்கப்படவில்லை. ஷஃப்ருத்தீன் முஸ்லிம் வணிகர்களை ஒன்றுதிரட்டும் அமைப்பு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். அரசு நிறுவனங்களில் நடந்த ஊழலைப் பற்றிப் பேசினார். பள்ளிவாசல்களில் சொற்பொழிவாற்றினார்.

1980 மே மாதம், சுஹார்த்தோவின் போக்கைக் கண்டித்து ஐம்பது பேர் கையொப்பமிட்ட மனு வெளியானது. அதில் முன்னாள் தளபதிகளும் முன்னாள் பிரதமர்களும் இருந்தார்கள். ஷஃப்ருத்தீனின் கையெழுத்தும் இருந்தது. கையெழுத்திட்டவர்கள் பயணத் தடை, வணிகத் தடை எனப் பல தொல்லைகளைச் சந்தித்தனர். எல்லா அமைப்புகளும், மார்க்க அமைப்புகள் உட்பட, ‘பஞ்சசீலா’ ஒன்றையே தம் ஒரே அடிப்படையாக ஏற்க வேண்டும் என்று அரசு வற்புறுத்தியபோது, 1983 ஜூலையில் அவர் சுஹார்த்தோவுக்கே நேரடியாகக் கடிதம் எழுதினார். பஞ்சசீலா நாட்டின் அடிப்படையாக இருக்கட்டும், இஸ்லாமிய அமைப்பு தன் அடிப்படையாக இஸ்லாத்தை வைத்துக்கொள்வதைத் தடுக்க அரசியல் சட்டத்தில் இடமில்லை என்று சட்ட வாதமாகவே அதை எழுதினார். 1985-இல் பெருநாள் குத்பா ஒன்றுக்காக எழுபது வயதைக் கடந்த அவரை அதிகாரிகள் அழைத்து விசாரித்தார்கள்.

1989 பிப்ரவரி 15 அன்று தமது 77-ஆம் வயதில் அவர் ஜகார்த்தாவில் மரணமடைந்தார். கிளர்ச்சி அரசு அறிவிக்கப்பட்டதும் ஒரு பிப்ரவரி 15-தான். ‘கிளர்ச்சியாளர்’ என்ற முத்திரை நெடுங்காலம் அவர் பெயரை மறைத்தது. 2006-இல், நெருக்கடிக் கால அரசின் நினைவாக டிசம்பர் 19-ஐ நாட்டுப் பாதுகாப்பு நாளாக அரசு அறிவித்தது. 2011-இல், அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த வேளையில், ‘தேசிய வீரர்’ என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஷஃப்ருத்தீனின் வாழ்வில் சரியும் உண்டு, பிழையும் உண்டு. நிதிப் பொறுப்பில் இருப்போருக்கு அதிலிருந்து தெளிவான சில பாடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, அறிவு. சட்டம் தெரிந்ததால் எங்கே எல்லை என்பதை அவர் அறிந்தார். கணக்குத் தெரிந்ததால் எல்லை மீறப்படும் நாளை முன்கூட்டியே கண்டார். நம் பிள்ளைகள் சட்டத்தையும் கணக்கியலையும் வருமானத்துக்கான படிப்பாக மட்டும் கருதாமல், சமுதாயத்துக்குச் செய்யும் சேவையாகவும் கருதிப் படிக்க வேண்டும். வக்ஃப் சொத்து, ஜகாத் நிதி, மதரஸா கணக்கு, பள்ளிவாசல் வரவு செலவு எல்லாமே இந்த இரு துறைகளையும் அறிந்தவர்களை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன.

இரண்டாவது, ‘இல்லை’ என்று சொல்லும் துணிவு. பொதுப்பணத்தின் காவலர் தம்மை நியமித்தவர்களிடமே மறுப்புச் சொல்ல நேரும். அந்த மறுப்பைச் சட்டத்தில் எழுதி வைத்தால் மட்டும் போதாது, அதைக் காக்கும் அமைப்பும் வேண்டும் என்பதைப் பேங்க் இந்தோனேசியாவின் தொடக்க ஆண்டுகள் காட்டுகின்றன. நம் ஜமாஅத்களிலும் பொருளாளரைத் தேர்ந்தெடுத்தபின் தணிக்கையாளரையும் தேர்ந்தெடுக்கிறோமா, அவர் கேள்வி கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் தருகிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவதும் முக்கியமானதும், திருப்பிக் கொடுத்தல். அமானிதம் என்ற சொல்லே ஒருநாள் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டியது என்ற பொருளைத் தன்னுள் கொண்டது. ஒரு நாட்டின் தலைமையை 1949-இல் அவர் திருப்பிக் கொடுத்தார். வென்றவர்களின் நிலையில் இருந்து கொடுத்தார். 1961-இல் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். தோற்றவராக நின்று கொடுத்தார். இரண்டுக்கும் இடையே அவர் செய்த முடிவுகளைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அவர் கைக்கு வந்த பொதுப்பணத்தைப் பற்றி வாதிட யாருக்கும் எதுவும் இல்லை.

அல்லாஹ் அவரது நற்செயல்களை ஏற்று, பிழைகளைப் பொறுத்தருள்வானாக. பொதுப்பணத்தைப் பாதுகாக்கும் பண்பும் அதற்கான அறிவும் உடையவர்களை நம் சமுதாயத்திலும் உருவாக்குவானாக. ஆமீன்.